பெருங்கம்பனிகளின் தரவரிசை எப்படிக் கணிக்கப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர வணிகப் பிரிவு மாணவர்களுக்கு நான் கணக்கீடு கற்பித்து வருகிறேன். "உலகின் முதல் 500 கம்பனிகள்", "இலங்கையின் முதல் 100 கம்பனிகள்" என்ற தலைப்புகள் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வந்தவுடன் வகுப்பில் எழும் கேள்விகளையும், வேலை தேடும் பிள்ளைகளின் பெற்றோரும் நெல் விற்ற பணத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கும் கமக்காரரும் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் சில நீளமானவை. கணக்கீட்டின் அடிப்படையைத் தொடாமல் அவற்றுக்கு நேர்மையாக விடை சொல்ல முடியாது என்பதே அதற்குக் காரணம்.

உலகின் மிகப் பெரிய கம்பனி எது என்ற கேள்விக்கு ஏன் ஒரே விடை கிடைப்பதில்லை?

எங்கள் ஊரில் பெரிய கமக்காரர் யார் என்று கேட்டாலும் ஒரே விடை கிடைக்காது. கூடுதல் ஏக்கர் வயல் வைத்திருப்பவரா, காலபோகத்தில் கூடுதல் மூடை விற்றவரா, பசளைக் கடனும் உழவுக் கூலியும் கொடுத்த பிறகு கையில் கூடுதலாக மிச்சம் பிடித்தவரா, அல்லது காணியை இன்றைக்கு விற்றால் கூடுதல் விலை பெறக்கூடியவரா என்பதைப் பொறுத்து ஆள் மாறுவார். கம்பனிகளுக்கும் இதே நான்கு அளவுகோல்கள் உண்டு. அவை சொத்துக்கள், வருமானம், இலாபம், சந்தைப் பெறுமதி என்பனவாகும்.

2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில், சில்லறைக் கடைகளை நடத்தும் அமெரிக்காவின் வோல்மார்ட் கம்பனி ஏறத்தாழ 648 பில்லியன் டொலர் வருமானம் பெற்றது. அதில் இலாபமாக எஞ்சியது ஏறத்தாழ 15.5 பில்லியன் மட்டுமே. 2023 செப்டெம்பரில் முடிந்த நிதியாண்டில் அப்பிள் கம்பனியின் வருமானம் 383 பில்லியன். இலாபமோ 97 பில்லியன். வருமானத்தில் வோல்மார்ட் மிக முன்னால் நிற்க, இலாபத்தில் அப்பிள் அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சொத்துக்களின் அளவில் பார்த்தால் இவை இரண்டுமே சீனாவின் ஐ.சி.பி.சி. போன்ற பெரிய வங்கிகளின் அருகிலும் வரமாட்டா. ஆகவே "மிகப் பெரியது" என்ற சொல்லைக் கேட்டவுடன் "எந்த அளவில்?" என்று திருப்பிக் கேட்பதை மாணவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

போர்ச்சூன் 500 என்பது என்ன?

அமெரிக்காவின் போர்ச்சூன் சஞ்சிகை 1955 முதல் வெளியிட்டு வரும் பட்டியல் அது. அந்நாட்டுக் கம்பனிகளை அவற்றின் ஒரு நிதியாண்டின் மொத்த வருமானத்தைக் கொண்டு, அதை மட்டுமே கொண்டு, வரிசைப்படுத்துகிறது. முதலாவது பட்டியலில் முதலிடம் பெற்றது ஜெனரல் மோட்டோர்ஸ். தொடக்கத்தில் உற்பத்திக் கைத்தொழில்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. வங்கிகளும் சில்லறை வணிகமும் பிற சேவைக் கம்பனிகளும் 1995 ஆம் ஆண்டிலேயே உள்ளே எடுக்கப்பட்டன. வோல்மார்ட் 1995 இற்கு முன் அப்பட்டியலில் காணப்படாததற்குக் காரணம் இந்த விதியே. விதி மாறினால் வரிசையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உலகெங்குமுள்ள கம்பனிகளுக்கு அதே சஞ்சிகை குளோபல் 500 என்ற பட்டியலை வெளியிடுகிறது. அதன் அளவுகோலும் வருமானமே.

அப்படியானால் போர்ப்ஸ் பட்டியலில் ஏன் வேறு பெயர்கள் முதலில் வருகின்றன?

போர்ப்ஸ் சஞ்சிகை 2003 முதல் வெளியிடும் குளோபல் 2000 பட்டியல், பங்குச் சந்தையில் பங்குகள் விற்கப்படும் கம்பனிகளை மட்டும் எடுத்து, விற்பனை, இலாபம், சொத்துக்கள், சந்தைப் பெறுமதி ஆகிய நான்குக்கும் சம எடை கொடுத்துப் புள்ளியிடுகிறது. வங்கியொன்று கொடுத்த கடன்கள் அனைத்தும் அதன் சொத்துக்களாகவே கணக்கில் நிற்பதால், சொத்துக்களுக்குப் புள்ளி கொடுக்கும் எந்தப் பட்டியலிலும் வங்கிகள் மேலே ஏறிவிடும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே முதலிடம் பெற்றது ஜே.பி.மோர்கன் சேஸ் வங்கி. அதே ஆண்டுகளில் குளோபல் 500 இல் முதலிடம் வோல்மார்ட்டுக்கே. இரண்டும் சரியான விடைகள்தான். அவை இரு வேறு கேள்விகளுக்குரியவை.

வருமானம் என்பது எளிய எண்தானே, அதில் என்ன சிக்கல்?

மிகுந்த சிக்கல் அதிலேதான் இருக்கிறது. சந்தையில் ஒருவர் கமக்காரரிடமிருந்து ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான பூசணிக்காயைத் தாமே வாங்கி விற்றால், விற்ற முழுத் தொகையும் அவருடைய வருமானம். அதே பூசணிக்காயைக் கமக்காரரின் சார்பில் விற்றுக்கொடுத்துப் பத்தாயிரம் ரூபா தரகு மட்டும் பெற்றால், அவருடைய வருமானம் பத்தாயிரமே. லொறியும் காயும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, எழுதும் முறையொன்றால் எண் பத்து மடங்கு வேறுபடுகிறது.

என்ரோன் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பனி இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. எரிவாயுவையும் மின்சாரத்தையும் வாங்கி விற்கும் ஒப்பந்தங்களின் முழுப் பெறுமதியையும் அது வருமானமாகக் காட்டியது. 1996 இல் ஏறத்தாழ 13 பில்லியன் டொலராக இருந்த அதன் வருமானம் 2000 ஆம் ஆண்டில் 100 பில்லியனைத் தாண்டியது. 2001 ஆம் ஆண்டின் போர்ச்சூன் 500 பட்டியலில் அது ஏழாம் இடத்தைப் பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் அது வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. பட்டியலிட்டவர்கள் தவறாகக் கூட்டவில்லை. கம்பனி கொடுத்த எண்ணை அவர்கள் எடுத்து வரிசையில் வைத்தார்கள். பட்டியல் என்பது கணக்காய்வு அன்று. இந்த ஓர் உண்மையை மாணவர்கள் மறக்கக்கூடாது என்பதற்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் என்ரோன் கதையை வகுப்பில் சொல்கிறேன்.

விலை உயர்வும் வருமானத்தை ஊதிக் காட்டும். 2022 தொடக்கத்தில் இலங்கையில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாவாக இருந்தது. ஜூன் முடிவில் அது 470 ரூபா. வரிசையில் நாட்கணக்கில் காத்துநின்ற எங்களுக்கு, விற்கப்பட்ட எண்ணெயின் அளவு கூடவில்லை என்பது நன்றாகத் தெரியும். ஆயினும் விற்பவரின் ஏட்டில் ஒவ்வொரு லீற்றரும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வருமானமாகப் பதிந்தது. உலக அளவிலும் இதுவே நடக்கிறது. மசகு எண்ணெயின் விலை ஏறிய காலங்களில் எண்ணெய்க் கம்பனியான எக்ஸொன்மொபில் வோல்மார்ட்டைத் தாண்டி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததுண்டு. விலை இறங்கியபோது திரும்ப இறங்கியது.

வங்கிகளுக்கு வட்டியே பெரும் வருமானம். 2022 ஏப்பிரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதன் பின் வங்கிகளின் மொத்த வருமானம் பெருகியதை வைத்து, அவை அவ்வளவுக்குக் கூடுதலாகக் கடன் கொடுத்தன என்று முடிவுகட்ட இயலாது. மதுசாரம், புகையிலை போன்றவற்றின் விலையில் அடங்கியுள்ள மதுவரி இன்னொரு சங்கடம். குளோபல் 500 பட்டியல் அத்தகைய வரிகளைக் கழித்துவிட்டே வருமானத்தை எடுக்கிறது. வேறு பட்டியல்களைப் படிக்கும்போது வரி கழிக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

துணைக் கம்பனிகளின் வருமானம் எங்கே சேர்க்கப்படுகிறது?

எங்களுக்குத் தெரிந்த ஐ.ஓ.சி. எண்ணெய் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதை நடத்தும் லங்கா ஐ.ஓ.சி. கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. அதன் பங்குகளில் ஏறத்தாழ 75 சதவீதம் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தம். கட்டுப்பாடு தாய்க் கம்பனியின் கையில் இருப்பதால், தாயையும் துணைக் கம்பனிகளையும் ஒன்றாகக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் அது தன் 75 சதவீதப் பங்கை மட்டும் எழுதுவதில்லை, லங்கா ஐ.ஓ.சி.யின் முழு வருமானத்தையும் தன்னுடையதாகச் சேர்த்துக்கொள்கிறது. மற்றப் பங்குதாரரின் உரிமை இலாபத்திலேதான் பிரித்துக் காட்டப்படும். கட்டுப்பாடு இல்லாமல் 30 சதவீதப் பங்கை மட்டும் வைத்திருக்கும் கம்பனிகளோ வருமானத்தில் ஒரு சதமும் சேர்க்க முடியாது. இலாபத்தில் தமக்குரிய பங்கை மட்டுமே எழுதும்.

இதனால் இலங்கைப் பட்டியலில் ஒரு தடவையும், உலகப் பட்டியலில் தாய்க் கம்பனியின் எண்ணுக்குள் இன்னொரு தடவையும் ஒரே பெற்றோல் எண்ணப்படுகிறது. மலேசியாவின் அக்சியாட்டாவுக்குப் பெரும்பங்கு சொந்தமான டயலொக் தொலைபேசிக் கம்பனியின் நிலையும் இதுவே. இரு பட்டியல்களின் எண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கிளிநொச்சியில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கும் ஆடைத் தொழிற்சாலையின் பெயர் ஏன் இலங்கைப் பட்டியலில் இல்லை?

இலங்கையில் பெரிதும் பேசப்படுவது எல்.எம்.டி. சஞ்சிகையின் 100 கம்பனிகள் பட்டியல். அது கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளை ஆண்டு வருமானத்தின்படி வரிசைப்படுத்துகிறது. ஹேலீஸ், ஜோன் கீல்ஸ், எல்.ஓ.எல்.சி., கொமர்ஷல் வங்கி போன்ற பெயர்கள் அங்கே வருவது அதனால்தான். எங்கள் மாவட்டத்தில் தொழிற்சாலைகள் நடத்தும் மாஸ் ஹோல்டிங்ஸ் பங்குச் சந்தையில் இல்லாத தனியார் குழுமம். தன் கணக்கைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் கடமை அதற்கு இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களும் பங்குச் சந்தைக்கு வெளியே நிற்பவை. மன்னாரில் கடலோரமாக நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் மின்சார சபையின் முதலீட்டில் எழுந்தவை. அந்தச் சபை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நூறு கம்பனிகளின் வரிசையில் அதைத் தேடிப் பயனில்லை.

உலகப் பட்டியல்களிலும் இப்படித்தான். சவூதி அராம்கோ பல பத்தாண்டுகளாக உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளுள் ஒன்றாக இருந்தும், குளோபல் 500 இல் 2019 ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக இடம்பெற்றது. அவ்வாண்டு கடன் முறிகளை வெளியிடுவதற்காக அது தன் கணக்குகளைத் திறந்து காட்டியது. 2018 ஆம் ஆண்டுக்கான அதன் இலாபம் 111 பில்லியன் டொலர் என்று அப்போதுதான் உலகம் அறிந்தது. அது அந்த ஆண்டில் பெரிதாகவில்லை. அந்த ஆண்டில் கண்ணுக்குத் தெரிந்தது. மறுபக்கத்தில், பங்குச் சந்தையில் இல்லாத சீனாவின் ஹுவாவே தன் ஆண்டறிக்கையைத் தானாக வெளியிடுவதால் குளோபல் 500 இல் இடம்பெறுகிறது. பட்டியலிடப்பட்ட கம்பனிகளை மட்டும் எடுக்கும் போர்ப்ஸ் 2000 இல் அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவைக்க வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய தனியார் கம்பனிகளுள் ஒன்று என்று சொல்லப்படும் கார்கில், 1865 இல் தானிய வணிகமாகத் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கம்பனி. எங்கள் பட்டணங்களில் ஃபூட் சிற்றி கடைகளை நடத்தும் கார்கில்ஸ், 1844 இல் இலங்கையில் தொடங்கிய வணிகத்திலிருந்து வளர்ந்தது. கொழும்பு பங்குச் சந்தையிலும் உள்ளது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இதை ஒரே கம்பனியென நினைத்து விடை எழுதிய மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

சந்தைப் பெறுமதி என்றால் என்ன? அது ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?

ஒரு பங்கின் அன்றைய விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது சந்தைப் பெறுமதி. எங்கள் பாடத்தில் சந்தை மூலதனவாக்கம் என்று படிக்கிறோம். வருமானம் கடந்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறது. சந்தைப் பெறுமதியோ இனி வரும் ஆண்டுகளைப் பற்றி முதலிட்டாளர் வைத்திருக்கும் எதிர்பார்ப்பைச் சொல்கிறது. 2024 ஜனவரியில் முடிந்த ஆண்டில், கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 61 பில்லியன் டொலர், அதாவது வோல்மார்ட்டின் பத்திலொரு பங்கிலும் குறைவு. ஆயினும் 2024 ஜூனில் அதன் சந்தைப் பெறுமதி 3 ட்ரில்லியன் டொலரைத் தாண்டி, வோல்மார்ட்டினுடையதைப்போல் பல மடங்காக நின்றது.

எதிர்பார்ப்பு மாறினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பக்கத்துக்கு வரவிருந்த ஒரு கம்பனியின் வழியாகவே பார்க்கலாம். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கத் திட்டமிட்டிருந்த அதானி குழுமத்தின் மீது 2023 ஜனவரி 24 அன்று ஹிண்டன்பேர்க் என்ற ஆய்வு நிறுவனம் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. குழுமம் அவற்றை மறுத்தது. அடுத்த சில நாட்களில் அக்குழுமத்தின் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் 100 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட சந்தைப் பெறுமதியை இழந்தன. அந்த நாட்களில் அதன் துறைமுகங்களில் கப்பல்கள் வராமல் நிற்கவில்லை. வருமானப் பட்டியலில் அந்த வாரம் எந்தத் தடயத்தையும் விடாது. சந்தைப் பெறுமதிப் பட்டியலில் அது பெரிய வீழ்ச்சி. (காற்றாலைத் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது வேறு காரணங்களைக் கொண்ட தனிக் கதை.)

விற்பனைக்கு வராத பங்குகளையும் கவனிக்க வேண்டும். அராம்கோ 2019 டிசெம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது விற்றது 1.5 சதவீதப் பங்குகளை மட்டுமே. அந்தச் சிறு பகுதிக்குக் கிடைத்த விலையைக் கொண்டே கம்பனி முழுவதற்கும் பெறுமதி சொல்லப்பட்டது. ஒரு பரப்புக் காணி விற்ற விலையை வைத்து ஊர்க் காணி முழுவதற்கும் விலை சொல்வது போன்ற கணக்கு இது. பெருக்கல் பிழையன்று, அதன்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதே கேள்வி.

ஆண்டும் நாணயமும் வேறுபடும்போது எப்படி ஒப்பிடுகிறார்கள்?

வோல்மார்ட்டின் நிதியாண்டு ஜனவரியில் முடிகிறது, அப்பிளினது செப்டெம்பரில், இலங்கை, இந்தியக் கம்பனிகள் பலவற்றினது மார்ச் 31 இல். குளோபல் 500, மார்ச் 31 இல் அல்லது அதற்கு முன் முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே ஆண்டுப் பட்டியலுக்குள் வெவ்வேறு பன்னிரண்டு மாதங்கள் அடங்கியிருக்கின்றன. வருமானத்தை அந்நிதியாண்டின் சராசரி நாணயமாற்று வீதத்தில் டொலருக்கு மாற்றுகிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாகியது. ரூபாவில் அதே வருமானம் பெற்ற கம்பனி, டொலரில் பாதியை நெருங்கிச் சுருங்கிப்போகும். ஏற்றுமதி செய்து டொலரில் உழைத்த கம்பனியோ ரூபாப் பட்டியலில் திடீரென்று உயர்ந்து தெரியும்.

வோல்மார்ட் இலங்கையை விடப் பெரியது என்று சொல்வது சரியா?

சரியன்று. இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2023 இல் ஏறத்தாழ 84 பில்லியன் டொலர். வோல்மார்ட்டின் 648 பில்லியனை அதற்குப் பக்கத்தில் வைப்பது இலகுவானது; ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு வகை எண்கள்.

எண்களைச் சிறிதாக்கிச் சொல்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லைக் கமக்காரர் ஆலைக்கு 100 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைப்போம். ஆலை அதை அரிசியாக்கி மொத்த வியாபாரிக்கு 140 ரூபாவுக்கும், அவர் கடைக்கு 150 ரூபாவுக்கும், கடை வீட்டுக்கு 165 ரூபாவுக்கும் விற்கின்றன. நால்வரின் வருமானத்தையும் கூட்டினால் 555 ரூபா. உண்மையில் உருவாகிய பெறுமதி, விதைநெல், பசளை முதலிய செலவுகளை விட்டுப் பார்த்தாலும், 165 ரூபாவுக்கு மேல் இல்லை. ஒரே நெல் நான்கு தடவை எண்ணப்பட்டுள்ளது. மொத்த உள்நாட்டு உற்பத்தி அந்த 165 ஐ அளக்கிறது. கம்பனியின் வருமானம் தான் விற்ற முழு விலையையும் அளக்கிறது, அதில் பெரும்பகுதி அது மற்றவரிடம் வாங்கிய பொருளின் விலையாக இருந்தாலும். நாட்டோடு கம்பனியை ஒப்பிட விரும்புவோர் கம்பனி சேர்த்த பெறுமதியை, அதாவது சம்பளமும் இலாபமும் போன்றவற்றின் கூட்டுத்தொகையை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் வோல்மார்ட் பெரிய கம்பனிதான். சுமார் 21 இலட்சம் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் தலைப்புச் செய்தியின் எண் அங்கே வராது.

பட்டியலில் உயர்ந்த இடத்தில் உள்ள நிதிக் கம்பனியில் பணத்தை வைப்பிலிடலாமா?

தரவரிசை அந்தக் கேள்விக்கு விடை தருவதில்லை. இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது அதையே. அனுமதி பெற்ற நிறுவனம் மூடப்பட நேர்ந்தால், வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரையே பாதுகாப்பு உண்டு. காணி விற்ற முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைப்பவர்கள் இந்த எல்லையை அறிந்து வைக்க வேண்டும். கூடுதல் வட்டி தருகிறோம் என்று வீடு தேடி வருபவர் காட்டும் பட்டியல் எதுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வேலை தேடுபவருக்கு இப்பட்டியல்கள் பயன்படுமா?

ஓரளவு பயன்படும். எந்தத் துறையில் பெரும் பணம் புழங்குகிறது என்பதை அறியலாம். சம்பளத்தையோ வேலைப் பாதுகாப்பையோ அவை சொல்வதில்லை.

மாணவர்கள் தாமே ஒரு தரவரிசையைத் தயாரிக்க முடியுமா?

முடியும், நான் தரும் செயல்திட்டமே அதுதான். கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் பாடசாலைக் கணினி அறையில் பதிவிறக்கிக்கொள்ளலாம். பத்துக் கம்பனிகளை எடுத்து, ஒரே நிதியாண்டின் வருமானம், வரிக்குப் பிந்திய இலாபம், மொத்தச் சொத்துக்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நிதிக் கூற்றுக்களில் "குழுமம்" (துணைக் கம்பனிகளையும் சேர்த்தது), "கம்பனி" (தாய்க் கம்பனி மட்டும்) என்று இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்றில் குழுமத்தையும் மற்றொன்றில் கம்பனியையும் எடுத்தால் பட்டியல் முழுவதும் பிழைத்துவிடும். இந்தத் தவறையே நான் விடைத்தாள்களில் அதிகம் காண்கிறேன். தொகைகள் ஆயிரம் ரூபாவிலா மில்லியனிலா என்பதையும் நிரலின் தலைப்பில் பாருங்கள். பிறகு மூன்று அளவுகோலுக்கும் மூன்று வரிசைகள் எழுதி, எந்தக் கம்பனி எந்த வரிசையில் கூடுதலாக இடம்மாறுகிறது என்று குறித்து, அதற்கான காரணத்தை அந்த ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளிலேயே தேடிக் கண்டுபிடித்து எழுதிவாருங்கள்.